பில்லி ஹாலிடே: தாளத்துக்குப் பிந்திய குரல்

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயைக் கேட்கத் தொடங்கினேன். குரலில் பெரிய வீச்சு இல்லை. தாளத்துக்குப் பின்னாலேயே வருகிறார். ஜாஸ் உலகம் அவரைக் கொண்டாடுவது பாட்டுக்காகவா, அந்தச் சோகக் கதைக்காகவா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அவர் குரல் ஒரு ஸ்தாயிக்குக் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான். தாளத்துக்குப் பிந்துவதும் உண்மை. ஆனால் அது தெரிந்தே செய்வது.

1935 முதல் பியானோ கலைஞர் டெடி வில்சன் குழுவோடு அவர் பாடிய இசைத்தட்டுகளைக் கையால் தாளம் போட்டபடி கேளுங்கள். பியானோ கறாராகப் போய்க்கொண்டிருக்கும். இவர் வரியைத் தாமதமாக எடுப்பார், சொற்களை நெருக்குவார், ஒன்றை மட்டும் இழுப்பார், பிறகு எங்கே வந்து சேர வேண்டுமோ அங்கே சேர்ந்துவிடுவார். கிடைத்தவற்றில் பல சாதாரணச் சந்தைப் பாட்டுகள். ஏறி இறங்கும் மெட்டைச் சில ஸ்வரங்களுக்குள் சுருக்கி அவற்றைத் தனதாக்கிக்கொண்டார். சிறுவயதில் இசைத்தட்டில் கேட்ட ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித், டிரம்பெட் கலைஞரும் பாடகருமான லூயி ஆம்ஸ்ட்ராங் இருவரும்தான் ஆசான்கள். பெஸ்ஸி மைக் இல்லாமலே கூடாரம் அதிரப் பாடியவர். பில்லிக்கு மைக் இருந்தது. பேசுகிற குரலிலேயே பாட முடிந்தது. 1937 பதிவுகளில் லெஸ்டர் யங்கின் சாக்ஸபோன் அவரோடு பேச்சுக்குப் பேச்சு வாசிப்பதைக் கவனியுங்கள். பாடகிக்குப் பக்கவாத்தியம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

கதையை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. கறுப்பினத்தவர் அடித்துத் தொங்கவிடப்பட்டதைப் பற்றிய 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாடலை 1939-ல் பதிவுசெய்ய அவருடைய இசைத்தட்டு நிறுவனமான கொலம்பியா மறுத்தது. கமடோர் என்ற சிறு நிறுவனம் வெளியிட்டது. 1947-ல் போதைப்பொருள் வழக்கில் சிறை. வெளியே வந்ததும் நியூயார்க்கின் பெரிய இசை அரங்கமான கார்னகி ஹாலில் பாட முடிந்தது. ஆனால் மது விற்கும் நியூயார்க் கிளப்புகளில் பாட அனுமதி அட்டை கிடைக்கவில்லை. அன்றாடப் பிழைப்பே அந்தக் கிளப்புகள்தான். 1959-ல், 44 வயதில் இறந்தார்.

ஆனால் 1956-ல் வந்த சுயசரிதையை அப்படியே நம்பாதீர்கள். முதல் வரியிலேயே பெற்றோருக்குக் கல்யாணம் ஆனதாக வருகிறது. அப்படி ஒரு கல்யாணமே நடக்கவில்லை!

நீங்கள் 1958-ல் வந்த 'லேடி இன் சாட்டின்' தொகுப்பில் ஆரம்பித்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பலரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். கம்மிப்போன குரல், பின்னால் வயலின்கள். சோகம் தேடிப் போகிறவருக்கு அங்கே நிறையவே கிடைக்கும். அதைப் பிறகு கேட்கலாம். முதலில் 1935 முதல் 1938 வரையிலானவை. அந்தப் பாட்டுகளில் பாதிக்கு மேல் குதூகலமானவை.