பெயர் தெரிகிறது, வேலை தெரியவில்லை

கேள்வி: என் பேரனுக்கு 5 வயது. தோட்டத்துக்குப் பக்கத்துப் பாலர் பள்ளிக்குப் போகிறான். ‘நமக்கு உதவுவோர்’ பாடத்துக்காக 24 பட அட்டைகள் வாங்கிக் கொடுத்தோம். காட்டினால் “டாக்டர், போலீஸ், பொம்பா (தீயணைப்பு வீரர்)” என்று கடகடவென்று ஒப்பிக்கிறான். “பொம்பா என்ன வேலை செய்வார்?” என்று கேட்டால் முழிக்கிறான். என்ன செய்யலாம்?
– ஒரு பாட்டி, சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

பதில்: அட்டைகளைக் கொஞ்ச நாளைக்கு எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள், அம்மா. “இது யார்?” என்று கேட்டால் பேரன் பெயரைத்தான் சொல்வான். அந்தக் கேள்விக்கு அதற்கு மேல் பதில் கிடையாது. போதாக்குறைக்கு, கடையில் விற்கும் அட்டைகள் சிலவற்றில் தபால்காரர் பனியில் குல்லா போட்டுக்கொண்டு நடக்கிறார். பேராக்கில் அவரை எந்தப் பிள்ளை பார்த்தது?

ஒரு வாரத்துக்கு ஒருவர் போதும். அவர் பெயர், வேலை செய்யும் இடம், கையில் இருக்கும் கருவிகள் இரண்டு, செய்யும் வேலைகள் இரண்டு என்று ஆறு சொற்கள். அதில் கடைசி இரண்டும்தான் முக்கியம். ‘வெட்டுகிறார்’, ‘ஏற்றுகிறார்’ போன்ற வினைச்சொல் வாயில் வந்துவிட்டால் வாக்கியம் தானாக வரும்.

முதல் வாரம் சீருடைக்காரர்களைத் தேட வேண்டாம். தோட்டத்திலிருந்தே தொடங்குங்கள். செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டுக்குள் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். மட்டையும் குலையும் விழுகிற இடம். வெட்டிய குலைகளைச் சாலையோரத்தில் குவித்து வைத்திருப்பார்களே, அங்கே தள்ளி நின்று பார்த்தால் போதும். நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாள், குள்ள மரத்துக்கு உளி, சிதறிய உதிரிப் பழங்களைப் பொறுக்குகிறவர், குலையைத் தூக்கி லோரியில் ஏற்றுகிறவர் எல்லாம் கண்ணில் படும். “ஏன் லோரி அவசரமாகப் போகிறது?” என்று கேட்பான். வெட்டிய குலையைத் தாமதிக்காமல் ஆலையில் சேர்த்தால்தான் எண்ணெயின் தரம் கெடாது, ஒரு நாளுக்குள் சேர்க்கப் பார்ப்பார்கள் என்று சொல்லுங்கள். குலை வெட்டுகிறவர் இந்தோனேசியரோ வங்காளதேசியோ, அவரும் நமக்கு உதவுகிறவர்தான். பால்மரம் (ரப்பர் மரம்) இருக்கும் பக்கமென்றால் விடியற்காலையில் ஏன் பால் வெட்டுகிறார்கள் என்ற கேள்வி வரும். வெயில் ஏறுவதற்கு முன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும்.

அவன் “லோரி வந்துச்சு” என்றால் திருத்தாதீர்கள். “ஆமாம், குலை ஏற்ற லோரி வந்துச்சு” என்று ஓரிரு சொல்லைச் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். பிறகு மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். பெரியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறோம். பிள்ளை வாய் திறப்பதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறோம்.

இரண்டாம் வாரம் கிளினிக் விளையாட்டு. நாற்காலி மூன்று, எண் எழுதிய சீட்டுகள், காலி மருந்துப் புட்டி, ஒரு துண்டு. முகப்பில் பதிவு செய்கிறவர், எடை பார்க்கும் மிஸி (தாதி), டாக்டர், மருந்து கொடுப்பவர் என்று நான்கு இடம் போடுங்கள். பிள்ளைகள் எல்லாரும் ஊசி போடும் டாக்டராகத்தான் அடம்பிடிப்பார்கள். ஊசி போட்டதோடு விளையாட்டும் முடிந்துவிடும். அதனால் முதல் நாள் டாக்டர் நீங்கள், முகப்பில் அவன். “பெயர் என்ன? எந்தத் தோட்டம்? என்ன செய்கிறது?” என்று அவன்தான் கேட்க வேண்டும். தினம் இடம் மாறட்டும். கால் மணி நேரம் தாண்ட வேண்டாம்.

தபால்காரர் வாரத்தில் ஒரு கடிதத்தை உண்மையாகவே அனுப்புங்கள். அவன் ஒரு படம் வரையட்டும். உறையின் பின்னால் உங்கள் முகவரியும் 31100 என்ற அஞ்சல் குறியீடும், முன்னால் மாமா வீட்டு முகவரி. அந்த ஐந்து எண்களைப் பார்த்துத்தான் ஊர் ஊராகப் பிரிப்பார்கள் என்று காட்டினால் ‘பிரிக்கிறார்’, ‘கொண்டுபோய்ச் சேர்க்கிறார்’ இரண்டும் பதிந்துவிடும்.

பொம்பா என்று அவன் சொல்வதை நிறுத்தாதீர்கள், ஊரே அப்படித்தான் சொல்கிறது. நீங்கள் பதில் சொல்லும்போது ‘தீயணைப்பு வீரர்’ என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீ மட்டுமல்ல, குளவிக் கூட்டை அகற்றவும் அவர்கள் வருவார்கள். ‘குப்பைக்காரன் வந்தான்’ என்று வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். பெரியவர்கள் ‘வந்தார்’ என்றால் அவனும் ‘வந்தார்’ என்பான். “சாப்பிடாவிட்டால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்” என்ற மிரட்டலும் கூடாது. நாளைக்குப் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தொலைந்துபோனால் அந்தப் போலீஸ்காரரிடம்தான் அவன் ஓட வேண்டும்.

999 என்ற அவசர உதவி எண்ணை விளையாட்டுக் கைப்பேசியில் மட்டும் சொல்லிக் கொடுங்கள். உண்மைக் கைப்பேசியில் திரை பூட்டியிருந்தாலும் அவசர அழைப்பு போய்விடும். என்ன நடந்தது, எங்கே என்று இரண்டைச் சொல்லப் பழக்குங்கள். லயத்து வீட்டுக்கு வீட்டு எண் மட்டும் போதாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன் (தோட்டப் பிரிவு), பக்கத்தில் உள்ள கோயில் அல்லது தோட்ட அலுவலகம் மூன்றும் அவன் வாயில் வர வேண்டும்.

ஒரு மாதம் கழித்து அட்டைகளை வெளியே எடுக்கலாம். இந்த முறை படத்தைக் காட்டாமல், “குளவி கூடு கட்டியிருக்கிறது, யாரைக் கூப்பிடலாம்? அவர் வந்து என்ன செய்வார்?” என்று கேளுங்கள். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் அடுத்தவருக்குப் போகலாம். ஒற்றைச் சொல் வந்தால் அதே ஆள், இன்னொரு வாரம். தமிழ், மலாய், ஆங்கிலம் எதிலுமே அவனால் மூன்று நான்கு சொற்களைக் கோத்துப் பேச முடியவில்லை என்றால் மட்டும் காத்திருக்காமல் அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, காதையும் பேச்சையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.