லொள்ளு என்றால் திட்டா?

வணக்கம்ங்க. ஈரோட்டில் புது வேலையில் மேலாளர் "உங்களுக்கு லொள்ளு ஜாஸ்திங்க" என்றதும், நாய் என்று திட்டிவிட்டாரோ என நொந்து எழுதியிருந்தீர்கள். நாய் குரைக்கும் 'லொள் லொள்' ஒலியை ஒட்டிய சொல்தான். ஆனால் எங்கள் கொங்குப் பக்கம் அதைச் சொல்லும்போது யாருக்கும் நாய் நினைவுக்கு வராது. குறும்பான வாய்ப்பேச்சு, அவ்வளவுதான். அந்த 'ங்க'வைக் கவனியுங்கள், மரியாதை அப்படியே இருக்கிறது. "என்ன, எகத்தாளமா?" என்று கேட்டிருந்தால்தான் யோசிக்க வேண்டும். பெரியவர்களை மதிக்காமல் கிண்டலடித்தால் அப்படிக் கேட்பார்கள். மற்றபடி கிண்டல் நமக்குப் புதிதல்ல; தொல்காப்பியமே நகைப்புக்குச் சொல்லும் நான்கு காரணங்களில் எள்ளலை, அதாவது கேலியைத்தான் முதலில் வைக்கிறது. சரி, அடுத்த முறை மேலாளர் லொள்ளு என்று சொன்னால் "சும்மா லொள்ளுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.