அட்ரினலினைப் பிடிக்கும் பீட்டா-1, பீட்டா-2 ஏற்பிகளில் மருந்து உட்காரும் குழி ஒன்றேதான் என்றால், ஆஸ்துமா மருந்தான சால்மெட்டரால் எப்படி பீட்டா-2ஐ மட்டும் பிடிக்கிறது? டாக்கிங் (மருந்து ஏற்பியில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணிப்பது) செய்தால் ஏன் அந்த வித்தியாசமே தெரிவதில்லை?

சால்மெட்டராலின் தலை (வளையமும் அமீனும் உள்ள முனை) இரண்டு ஏற்பியிலும் ஒரே மாதிரிதான் உட்காரும். ஆளை அடையாளம் காண்பது வால்.

குழியின் அடியைப் பாருங்கள். மருந்தின் அமீன் அஸ்பார்டேட் 113ஐயும் அஸ்பராஜின் 312ஐயும் பற்றிக்கொள்கிறது (எண், ஏற்பியின் வரிசையில் அந்த அமினோ அமிலத்தின் இடம்). வளையத்தின் ஹைட்ராக்சில்கள், ஏற்பி செல் சவ்வை ஊடுருவும் ஏழு சுருள்களில் ஐந்தாவதில் உள்ள செரின்களை நோக்கி நிற்கின்றன. பீட்டா-1இலும் அதே இடங்களில் அதே அமினோ அமிலங்கள்தான். இரண்டும் அட்ரினலினைப் பிடித்தாக வேண்டியவை. அடியில் கை வைக்கப் பரிணாமத்துக்கு இடமில்லை.

வேறுபாடு குழியின் வாயில், செல்லுக்கு வெளிப்பக்கம். சால்மெட்டராலின் வாலில் ஆறு கார்பன், ஓர் ஆக்சிஜன், பிறகு நாலு கார்பன், முடிவில் ஒரு பென்சீன் வளையம். 2018இல் வெளியான படிக அமைப்பில் (புரத அமைப்புத் தரவுத்தளத்தில் அதன் குறியீடு 6எம்எக்ஸ்டி) இந்த வால் ஆறாம், ஏழாம் சுருள்களின் மேல்முனைக்கும் இரண்டாவது வெளி வளைவுக்கும் (சுருள்களைச் செல்லுக்கு வெளியே இணைக்கும் பகுதி) இடையில் ஏறிக் கிடக்கிறது. அங்கே பீட்டா-2இல் இருப்பவை ஹிஸ்டிடின் 296, லைசின் 305. பீட்டா-1இல் அதே இடங்களில் லைசினும் அஸ்பார்டேட்டும். ஓரிடத்தில் மின்னேற்றமே தலைகீழ். ஆயிரம் மடங்குக்கு மேலான தேர்வுத்திறனில் பெரும்பங்கு இந்த வாய்ப்பகுதிக்குத்தான்.

இனி டாக்கிங். பலர் 2007இன் பீட்டா-2 அமைப்பான 2ஆர்எச்1ஐ எடுக்கிறார்கள். அதில் இருப்பது ஏற்பியைத் தடுக்கும் காரசோலால், ஏற்பி அடங்கிய நிலையில். தூண்டும் மருந்துக்கு அது பொருந்தாது. 2011இல் ஜி-எஸ் புரதத்தோடு (ஏற்பியின் செய்தியைச் செல்லுக்குள் கடத்துவது) கிடைத்த 3எஸ்என்6இல் ஆறாவது சுருளின் உள்முனை 14 ஆங்ஸ்ட்ராம் வெளியே சாய்கிறது. ஆனால் மருந்துக் குழியில், செரின் 207 பக்கம், நகர்வு ஏறக்குறைய 2 ஆங்ஸ்ட்ராம்தான். சின்ன எண்தான், ஹைட்ரஜன் பிணைப்பு கிடைப்பதும் கைநழுவுவதும் அதில்தான். தவிர, 2ஆர்எச்1இல் மூன்றாவது உள்வளைவுக்குப் பதிலாக ஒட்டப்பட்ட டி4 லைசோசைமை நீக்க மறந்துவிட்டு ஓட்டுபவர்களும் உண்டு!

அடுத்தது பெட்டி, அதாவது மருந்தின் இடத்தை மென்பொருள் தேடும் எல்லை. 20 ஆங்ஸ்ட்ராம் பக்கமுள்ள பெட்டியை அஸ்பார்டேட் 113ஐ மையமாக வைத்துப் போட்டால் வால் வெளியே போக வழியில்லாமல் குழிக்குள்ளேயே மடங்கும். அப்புறம் இரண்டு ஏற்பிக்கும் ஒரே மதிப்பெண் வராமல் என்ன செய்யும்? பெட்டியை வெளிப்பக்கம் நீட்டி, இரண்டாவது வெளி வளைவு முழுவதும் உள்ளே வருகிறதா என்று பாருங்கள். சால்மெட்டராலில் சுழலும் பிணைப்புகள் 16. ஆட்டோடாக் வினா (Vina) மென்பொருளின் இயல்பு எக்ஸாஸ்டிவ்னெஸ் (எவ்வளவு விரிவாகத் தேடுவது என்ற அளவு) 8 இதற்குப் போதாது. 32இல் தொடங்கி, வெவ்வேறு விதை எண்களோடு (தேடலைத் தொடங்கும் தற்செயல் எண்கள்) பல முறை ஓட்டி, ஒரே நிலை திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அமீனுக்குப் புரோட்டான் கொடுத்தீர்களா? 7.4 பிஎச்-இல் அது நேர்மின்னேற்றத்தோடுதான் இருக்கும். மருந்துக் கடையில் இருப்பது ரெசிமிக் கலவை (ஆர், எஸ் என்ற இரு கண்ணாடிப் பிம்ப வடிவங்களும் சமமாகக் கலந்தது), வேலை செய்வது ஆர் வடிவம், அதையே வரையுங்கள்.

பீட்டா-1க்கு வான்கோழியின் அமைப்பை எடுத்தால், வாய்ப்பகுதியை மனித வரிசையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகே பயன்படுத்துங்கள். அடி ஒத்துப்போவதை வைத்து மேலேயும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆய்வகச் சோதனையில் வரும் குழப்பம் வேறு. ஏற்பியை அளவுக்கு மீறி வெளிப்படுத்திய செல்லில் சைக்ளிக் ஏஎம்பி (ஏற்பி தூண்டப்பட்டதும் செல்லுக்குள் பெருகும் மூலக்கூறு) அளந்தால், சால்மெட்டரால் போன்ற பகுதித் தூண்டியும் (ஏற்பியை முழு அளவு தூண்டாத மருந்து) முழுத் தூண்டிபோலத் தெரியும். இசி50 (பாதி விளைவு தரும் செறிவு) மதிப்புகளின் விகிதத்தைத் தேர்வுத்திறன் என்று எழுதிவிடுவார்கள். கதிரியக்கக் குறியிட்ட மருந்தோடு போட்டியிட விடும் ரேடியோலிகண்ட் சோதனையில் கேஐ (ஈர்ப்பை அளக்கும் மாறிலி) கண்டுபிடியுங்கள். சவ்வு மாதிரியில் ஜிடிபி (GTP, குவனோசின் ட்ரைபாஸ்பேட்) சேர்க்காவிட்டால் ஜி புரதத்தோடு சேர்ந்த ஏற்பி, சேராத ஏற்பி என இரண்டு ஈர்ப்பு நிலைகள் கலந்து வளைவு சப்பையாகிவிடும். 100 மைக்ரோமோலார் சேர்த்தால் ஒரே நிலைக்கு வரும்.

வால்தான் காரணமா என்று சரிபார்க்க, பீட்டா-2இல் 296ஐ லைசினாகவும் 305ஐ அஸ்பார்டேட்டாகவும் மாற்றி மறுபடி அளவிடுங்கள். சால்மெட்டராலின் ஈர்ப்பு இறங்க வேண்டும். கூடவே வாலில்லாத ஐசோபிரினலினையும் ஓட்டுங்கள். அதுவும் அதே அளவு இறங்கினால், நீங்கள் மாற்றியது வாலின் இடத்தை மட்டுமல்ல, ஏற்பியின் மடிப்பையே கெடுத்திருக்கிறீர்கள்.