வெளிநாட்டு வேலை கேள்வி பதில்: மொண்டேவிடியோவுக்கு பெட்டி கட்டலாமா?

போன இதழ்ல தென் அமெரிக்காவுல இருக்குற உருகுவே பத்தி ரெண்டு வரி எழுதினேன், அதுக்கே இத்தனை கேள்வி வந்துடுச்சு. மொண்டேவிடியோ அந்த நாட்டோட தலைநகர். அங்க குடியிருந்து வேலை பாக்குறவன்ங்கிற முறையில தெரிஞ்சதை சொல்றேன்.

ஓஎம்ஆர்ல அமெரிக்க கிளையன்ட்டுக்கு நைட் ஷிஃப்ட் பாக்குறேன். கம்பெனியில 2 வருஷம் மொண்டேவிடியோ போறியான்னு கேக்குறாங்க. சம்பளத்தை ரூபாயில மாத்தினா பெருசா தெரியுது. வீட்டு லோனை அடைச்சிடலாமா சார்? (வாசகர், சோழிங்கநல்லூர்)

முதல்ல ரூபாயில மாத்தி பாக்குறத நிறுத்துங்க தம்பி. தென் அமெரிக்கான்னாலே சீப்பா இருக்கும்னு நம்ம ஆளுங்க நினைச்சுக்கிறாங்க, ஆனா அந்த கண்டத்துலயே விலைவாசி ஏறின ஊர்ல இதுவும் ஒண்ணு, 35 லட்சத்துக்கு கிட்ட ஜனம் இருக்குற சின்ன நாடு, பாதி சாமான் வெளியில இருந்து வருது, அதுக்கு மேல 22 சதவீதம் வாட் வேற, அதனால டூத்பேஸ்ட் வாங்கும்போது கூட ஒரு நிமிஷம் யோசிப்பீங்க. காரைப் பத்தி கனவே காணாதீங்க, பஸ் கார்டு போதும்.

வீட்டு வாடகைதான் பெரிய தலைவலி. நம்ம ஊர்ல பத்து மாச அட்வான்ஸை கையில குடுத்தா சாவி வந்துடும். அங்க உங்களுக்கு ஒரு ஜாமீன் நிக்கணும், ஸ்பானிஷ்ல அதை 'கரன்டியா' (garantía)ம்பாங்க, ANDAங்கிற சங்கம் மாதிரி அமைப்போ இன்சூரன்ஸ் கம்பெனியோ நிக்கும், ஆனா அவங்க லோக்கல் சம்பள ஸ்லிப் கேப்பாங்க, நேத்து இறங்கினவன் ஸ்லிப்புக்கு எங்க போவான்? அதனால கம்பெனியே ஜாமீன் தருமா, முதல் ரெண்டு மூணு மாசத்துக்கு ஃபர்னிஷ்டு அபார்ட்மென்ட் தருமான்னு இப்பவே மெயில்ல எழுதி வாங்கிக்குங்க. அப்புறம் வாடகை போக பில்டிங் மெயின்டெனன்ஸ்னு தனியா ஒண்ணு வரும், லிஃப்ட் இருக்குற பில்டிங்னா அது நல்லாவே வலிக்கும், விளம்பரத்துல அந்த தொகை கீழ பொடி எழுத்துல கிடக்கும், தேடிப் படிங்க.

நல்ல பக்கமும் இருக்கு. உருகுவே மணி இந்தியாவுக்கு எட்டரை மணி நேரம் பின்னாடி, நியூயார்க்குக்கு ஒண்ணோ ரெண்டோ மணி நேரம்தான் முன்னாடி. அமெரிக்க கிளையன்ட் ஆஃபீஸ்ல இருக்குறப்போ நீங்களும் பகல் வெளிச்சத்துல ஆஃபீஸ்ல இருப்பீங்க. டிசிஎஸ் 2002லயே அங்க சென்டர் போட்டதுக்கு இந்த டைம் கணக்கு ஒரு முக்கிய காரணம். லோக்கல் கான்ட்ராக்ட்னா ஜூன்ல பாதி டிசம்பர்ல பாதின்னு அகினால்டோங்கிற பதிமூணாவது மாச சம்பளம் வரும், நம்ம தீபாவளி போனஸ் மாதிரின்னு நினைக்காதீங்க, இது முதலாளி மனசு வெச்சு குடுக்குறதில்ல, சட்டமே குடுக்கச் சொல்லுது. வருஷத்துக்கு 20 நாள் லீவு, லீவுல போறதுக்குன்னு தனியா ஒரு தொகையும் உண்டு. ஆனா ஒண்ணு, அந்த 20 நாள்ல சனிக்கிழமையும் சேந்துடும்.

ஆஃபீஸ் சோனாமெரிக்கா மாதிரி ஃப்ரீ சோன்ல, அதாவது வரிச்சலுகை உள்ள தனி தொழில் பகுதியில, இருந்தா இன்னொன்னு கேளுங்க. அங்க வேலை செய்யுற வெளிநாட்டுக்காரங்க சாதாரண வருமான வரிக்கு பதிலா 12 சதவீதம் மட்டும் கட்டுறதா தேர்ந்தெடுக்கலாம், சோஷியல் செக்யூரிட்டி வேணாம்னும் எழுதிக் குடுக்கலாம். கையில வர்ற சம்பளம் கூடும், சரிதான், ஆனா அந்த சிஸ்டத்து வழியா வர்ற மெடிக்கல் கவர் என்ன ஆகும், அதுக்கு பதிலா கம்பெனி இன்சூரன்ஸ் எடுத்து தருதான்னு தெரியாம கையெழுத்து போடாதீங்க.

லோனை அடைக்கறது மட்டும்தான் குறிக்கோள்னா வளைகுடா பக்கமோ வேற எங்கயாவதோ பாருங்க, இங்க வந்து ஏமாந்து போகாதீங்க. ராத்திரி ஒழுங்கா தூங்கணும், சாயங்காலம் ஆறு மணிக்கு ஆஃபீஸை விட்டு வெளிய வரணும், 20 கிலோமீட்டருக்கு மேல நீளுற ரம்ப்லா கடற்கரை ரோட்டுல நடக்கணும்னா தாராளமா வாங்க. அந்த ரோட்டுல ஒரு பகுதிக்கு பேரே ரம்ப்லா மகாத்மா காந்தி தான், தெரியுமா?

என் பையன் சுத்த சைவம், முட்டை கூட தொடமாட்டான். மாட்டுக்கறி தின்னுற ஊராமே, என்ன சாப்பிடுவான்? (ஒரு தாயார், கரூர்)

அம்மா, கேள்விப்பட்டது நெசம்தான், மாட்டுக்கறி சாப்பிடுறதுல உலகத்துலயே முன்வரிசையில நிக்கிற நாடு. ஞாயித்துக்கிழமை மதியம் தெருவெல்லாம் கறி சுடுற புகைதான். ஆனா பட்டினி கிடக்க மாட்டான். உருகுவே அரிசி விளைச்சு வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்ற நாடு, அரிசிக்கு பஞ்சமே இல்ல. பால், தயிர், சீஸ் எல்லாம் நல்லா இருக்கும். மைசூர் பருப்பு ஜாதி, கொண்டைக்கடலை எந்த கடையிலயும் கிடைக்கும். துவரம்பருப்பும் உளுந்தும் சாதாரண சூப்பர் மார்க்கெட்ல இருக்காது. அதுக்காக மூட்டை கட்டி அனுப்பாதீங்க, விதை, பழம், நெய், பால் பொருள்னா ஏர்போர்ட்ல புடுங்கி வெச்சுக்குவாங்க. சாம்பார் பொடி, மிளகாய்த் தூள், பெருங்காயம் இதுகளை பிரிக்காத பாக்கெட்டா குடுத்து விடுங்க. அந்த ஊர் ஜனங்களுக்கு காரம்னா என்னன்னே தெரியாது, அதனால மிளகாய்த் தூள் கொஞ்சம் தாராளமாவே வைங்க.

வெளிய சாப்பிட ஃபைனான்னு ஒண்ணு இருக்கு, கடலை மாவை தண்ணியா கரைச்சு அடுப்புல வேக வெச்சு எடுக்குறது, பீட்சா கடையில எல்லாம் கிடைக்கும், மிளகு தூவி சூடா தின்னா உங்க பையன் பொழச்சுக்குவான். கீரை வெச்ச பை ஒண்ணு விப்பாங்க, பாத்தா சைவம் மாதிரிதான் இருக்கும், உள்ள முட்டை இருக்கும், உஷாரா இருக்கச் சொல்லுங்க. கடையில கறி வேணாம்னா மாட்டுக்கறி மட்டும் வேணாம்னு எடுத்துக்கிட்டு ஹாமோ சிக்கனோ வெச்சு கொண்டு வந்துடுவாங்க, ஒவ்வொண்ணா பேர் சொல்லி வேணாம்னு சொல்லணும்.

ஸ்வெட்டர் மறக்காதீங்க, ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும்தான் அங்க குளிர்காலம். தெர்மாமீட்டர்ல பெருசா தெரியாது, ஆனா அப்பளம் ரெண்டு நாள்ல நமுத்துப் போற ஈரக்காத்து, நிறைய வீட்டுல ஹீட்டரும் கிடையாது.

இங்கிலீஷ் போதாதா? ஸ்பானிஷ் கட்டாயமா? (வாசகர், ஓசூர்)

மீட்டிங்குக்கு இங்கிலீஷ் போதும். வாழ்றதுக்கு போதாது. ஃப்ரீ சோன் கம்பெனியில முக்காவாசி ஆளு, அதாவது 75 சதவீதம், உள்ளூர்க்காரங்களா இருக்கணும்னு சட்டம், அதனால லஞ்ச் டேபிள்ல பேச்சு ஸ்பானிஷ்லதான் ஓடும், நீங்க பாட்டுக்கு மொபைலை நோண்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. கிளம்புறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க. 'நான்'ங்கிறதுக்கு ஆப்ல 'யோ'ன்னு படிச்சிருப்பீங்க, இவங்க 'ஷோ'ம்பாங்க, முதல் மாசம் ஒண்ணும் புரியாது, பயப்பட வேணாம், பக்கத்து நாடான அர்ஜென்டினாவோட தலைநகர் புவனோஸ் ஐரஸ் ஆளுங்களும் இதே மாதிரிதான், அவங்க பேசுற வீடியோவா தேடிப் பாத்து காதை பழக்குங்க.

கூட வேலை பாக்குறவங்க, ஆணோ பெண்ணோ, காலையில கன்னத்தோட கன்னம் வெச்சு ஒரு முத்தம் குடுத்துதான் வணக்கம் சொல்வாங்க. நம்மாளுங்க வெலவெலத்துப் போயிடுறாங்க. அதுல ஒண்ணும் இல்ல, சும்மா இருங்க. மாத்தேன்னு கசப்பா ஒரு இலைத் தண்ணி, ஒரே குடுவை, ஒரே உறிஞ்சி, எல்லாரும் சுத்தி குடிப்பாங்க. எச்சில்னு மனசு ஒப்பலைன்னா முதல் நாளே வேணாம்னுடலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. நீங்க குடிச்சுட்டு குடுவையை திருப்பித் தரும்போது நன்றின்னு சொன்னா 'எனக்கு போதும்'னு அர்த்தம், அடுத்த ரவுண்டு உங்களுக்கு வராது.

மனைவி, 7 வயசு மகளோட போறேன். ஸ்கூல் எப்படி? மனைவி வேலைக்கு போகலாமா? (வாசகர், திருச்சி)

ரெசிடென்சிக்கு விண்ணப்பிச்சு அடையாள அட்டை கைக்கு வந்துட்டா அவங்களும் வேலை பாக்கலாம். அதுக்கு பிறப்பு சான்றிதழ், கல்யாண சான்றிதழ், போலீஸ் கிளியரன்ஸ் எல்லாத்துக்கும் இந்தியாவுலயே அபோஸ்டில், அதாவது வெளிநாட்டுல செல்லுறதுக்கான அரசாங்க முத்திரை, வாங்கிடுங்க, இதை விட்டுட்டு விமானம் ஏறினா அப்புறம் ஊர்ல இருக்குற மாமனாரை அலைய விடணும். ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பை மட்டும் அங்க போய் அரசாங்க அங்கீகாரம் உள்ள மொழிபெயர்ப்பாளர்கிட்ட பண்ணிக்குங்க. பாஸ்போர்ட் வேலைன்னா புவனோஸ் ஐரஸ்ல இருக்குற இந்திய தூதரகம்தான்.

அரசாங்க ஸ்கூல் இலவசம், வெள்ளை அங்கியும் நீல ரிப்பனும் கட்டிக்கிட்டு பிள்ளைங்க போறது பாக்கவே அழகு, 2007ல இருந்து பிள்ளைங்களுக்கு லேப்டாப் குடுக்குற திட்டமும் ஓடுது. ஆனா நிறைய ஸ்கூல் நாலு மணி நேரம்தான். ரெண்டு பேரும் வேலைக்கு போனா மீதி நேரம் யார் பாத்துக்குறது? இங்கிலீஷ் மீடிய பிரைவேட் ஸ்கூல் இருக்கு, ஃபீஸை கம்பெனி தலையில கட்ட முடிஞ்சா பாருங்க, சொந்தக் காசுன்னா வேணாம். ஏழு வயசுக் குழந்தை ஆறே மாசத்துல ஸ்பானிஷ் பேசி உங்களையே திருத்தும், என்னைக் கேட்டா அரசாங்க ஸ்கூல்தான். வகுப்பு மார்ச்ல தொடங்கி டிசம்பர்ல முடியும், முடிஞ்சா ஜனவரியிலயே போய்ச் சேருங்க.

அங்கிருந்து பிரேசில் சுத்திப் பாக்கலாமா? (வாசகி, நாகர்கோவில்)

விசா எடுத்துட்டு போங்க, இகுவாசு அருவியை விட்டுடாதீங்க. ஆனா பிரேசில் போய்ட்டு 6 நாளுக்குள்ள இந்தியா இறங்கினா மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட கார்டு கேப்பாங்க, இல்லைன்னா தனிமையில உக்கார வெச்சுடுவாங்க. சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க. போட்டு 10 நாள் கழிச்சுதான் செல்லும், அதனால டிக்கெட் போட்ட உடனே தேதி வாங்கிடுங்க.