பெரியப்பாவின் கோடாக்ரோம் சுருள்: கழுவ முடியுமா?

வணக்கம். பிரான்சிலிருந்து வந்த பெரியப்பாவின் பெட்டியில் கழுவாத கோடாக்ரோம் 64 கலர் ஃபிலிம் சுருள் கிடைத்திருக்கிறது, புதுச்சேரியில் எங்கே கழுவலாம் என்று கேட்டிருந்தீர்கள். கலராக வரும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். கோடாக் 1935-இல் கொண்டுவந்த இந்த ஃபிலிமை 2009-இல் நிறுத்திவிட்டது. இதற்கான கே-14 முறையில் கடைசியாகக் கழுவிய கான்சாஸ் லேபும் 2010 டிசம்பர் 30-உடன் சுருள் வாங்குவதை நிறுத்தியது. மற்ற கலர் ஃபிலிம்களில் சாயத்துக்கான சரக்கு ஃபிலிமிலேயே இருக்கும். இதில் கழுவும்போதுதான் சாயமே ஏற வேண்டும்.

அதனால், "கொடுங்க சார், பார்க்கலாம்" என்று சொல்லும் ஸ்டூடியோவில் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். சாதாரண கலர் நெகட்டிவ் கெமிக்கலில் போட்டால் படத்தைத் தாங்கும் வெள்ளி முழுக்கக் கரைந்து வெறும் ஃபிலிம்தான் மிஞ்சும். கடலூரில் எனக்கு நடந்தது இதுதான்; அக்கா கல்யாணச் சுருள், இன்னும் வீட்டில் பேச்சு வாங்குகிறேன்.

ஆனால் கறுப்பு-வெள்ளையாக எடுக்கலாம். கையால் கழுவுகிறவராகப் பாருங்கள். பின்புறம் கறுப்புக் கரிப்பூச்சு இருக்கும், அதைத் துடைத்து எடுக்கத் தெரியுமா என்று முதலிலேயே கேளுங்கள். பழைய சுருள் என்பதால் படம் மங்கலாக, புகை படிந்த மாதிரி வரலாம். முகம் தெரிந்தால் போதும், இல்லையா?

ஆள் கிடைக்கும்வரை சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப்புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். நம் ஊர்க் கடற்காற்று ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். அப்புறம், அதே பெட்டியில் கழுவிய கோடாக்ரோம் ஸ்லைடுகள் (சட்டம் போட்ட சின்ன ஃபிலிம் படங்கள்) இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள். இருட்டில் இருந்திருந்தால் கோடாக்ரோம் நிறம் அவ்வளவு எளிதில் போகாது.