அதே 500 ராண்ட், ஆனால் யூனிட் ஏன் குறைவு? (தென்னாப்பிரிக்கா, ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியா பகுதி, பிரீபெய்டு மின் மீட்டர்)

வணக்கம். மாதத் தொடக்கத்தில் 500 ராண்டுக்கு வாங்கியபோது யூனிட் குறைவாகவும், 15ஆம் தேதி அதே 500-க்கு வாங்கியபோது கூடுதலாகவும் வந்தது என்கிறீர்கள். மீட்டரில் பழுதிருந்தால் யூனிட் ஓடும் வேகம்தான் மாறும். வாங்கும் அளவு மாறாது. ஜோகன்னஸ்பர்க் நகர மின் நிறுவனமான சிட்டி பவர் மாத நிலைக்கட்டணத்தை முதல் ரீசார்ஜிலேயே கழித்துவிடும். 2024 ஜூலையில் அது 200 ராண்ட், 15% வாட் சேர்த்து 230. மின்சாரத்துக்கு மிஞ்சியது 270தான்! இப்போதைய தொகை ரசீதில் தனி வரியாக இருக்கும். பழைய பாக்கிப் பிடித்தம் இருந்தால் அதுவும் அங்கேயே தெரியும்.

மாதக் கடைசியில் யூனிட் குறைந்தால் அது வேறு கணக்கு, படிநிலை விலை. அந்த மாதம் வாங்கிய மொத்தம் 350 யூனிட்டைத் தாண்டியதும் அடுத்த யூனிட்டின் விலை ஏறும். 1ஆம் தேதி மறுபடி கீழ்ப்படி. ஆகவே 29, 30 தேதிகளில் ஒப்பேற்றும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.