கொம்பு எங்கிருந்து முளைக்கிறது?

அன்புள்ள சார்,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிசைனராக இருக்கிறேன். பகலில் டி-ஷர்ட்டில் அச்சாகும் படங்கள். ராத்திரியில் எனக்காக வரைவது பூதங்களும் டிராகன்களும். போன அக்டோபரில், மாதம் முழுக்கத் தினம் ஒரு மைப்படம் வரையும் இங்க்டோபர் சவாலில் தினம் ஒரு பூதம் என்று ஆரம்பித்தேன். பதினோராம் நாளோடு நின்றுவிட்டது. இப்போது எடுத்துப் பார்த்தால் பதினொன்றும் ஒரே பூதம் மாதிரி இருக்கிறது. கொம்பு, கோரைப்பல், முறைக்கும் கண், அவ்வளவுதான். "இதையெல்லாம் ஏஐ ஒரு நிமிஷத்தில் போட்டுக்கொடுக்கும், நீ ஏன் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாய்?" என்கிறாள் தோழி. "வெள்ளைக்காரன் டிராகன் எதற்கு, நம்ம யாளியை வரை" என்கிறான் அண்ணன். என் கற்பனைதான் வறண்டுவிட்டதா? இந்த முறை முப்பத்தொன்றையும் முடிக்க வழி உண்டா? மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். தயங்காமல் திட்டுங்கள்.

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

முதலில் அந்தப் பதினொன்று கணக்கை முடித்துவிடுவோம். ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர், மையில் கோடு வரையும் தன் கை தேற வேண்டும் என்று 2009-இல் தனக்குத்தானே போட்டுக்கொண்ட பயிற்சிதான் இங்க்டோபர். தினமும் முடியாதவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வரையலாம், அதுவும் முடியாவிட்டால் வாரத்துக்கு ஒன்று போதும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த வகையில் நீங்கள் வாரத்துக்கு இரண்டுக்கு மேல் வரைந்திருக்கிறீர்கள். வேலைக்குப் போய் வந்த பிறகு அது குறைவில்லை. முப்பத்தொன்றையும் முடித்தவர்களின் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள், கடைசி வாரத்தில் பலருக்கும் பேனா ஓடியிருக்கும், கண் ஓடியிருக்காது.

சரி, படங்களுக்கு வருகிறேன். முதல் படத்தில் உள்ள கொம்பனின் நெற்றியைப் பாருங்கள். கொம்பு அங்கே முளைக்கவில்லை, தொப்பி மாதிரி வந்து உட்கார்ந்திருக்கிறது. கொம்பு இருக்கும் விலங்கின் உடம்பு அந்தக் கொம்பைச் சுமக்கத் தயாராக இருக்கும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மண்டையோட்டிலிருந்தே ஒரு எலும்பு நீண்டு வரும், அதற்கு மேல் நகம் போன்ற உறை. அதனால் கொம்பின் அடியில் மண்டை தடித்திருக்கும், பின்கழுத்து திரண்டிருக்கும். மானின் கொம்பு முழுக்க எலும்பு, ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். காண்டாமிருகத்தின் கொம்பில் எலும்பே கிடையாது. உங்கள் பூதத்துக்கு இதில் எந்தக் கொம்பு? அதை முடிவு செய்துவிட்டால் நெற்றி எப்படி இருக்க வேண்டும், கழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பது தானாக வந்துவிடும். முடிவு செய்யாமல் வரைவதால்தான் பதினொன்றும் ஒன்றுபோல இருக்கின்றன. கற்பனை வறளவில்லை, தீனி போடாமல் வேலை வாங்குகிறீர்கள்.

கண்ணும் அப்படியே. முறைப்பது என்றால் நமக்கெல்லாம் நெற்றிக்குக் கீழே இரண்டு வட்டமும் ஒரு சரிந்த புருவமும்தான் கைக்கு வருகிறது. ஒரு நாள் ஆட்டின் கண்ணைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கண்ணின் கறுத்த பாப்பா படுக்கைவாட்டில் நீள்சதுரமாக இருக்கும், முதல் தடவை பார்ப்பவருக்குக் கொஞ்சம் திகிலாகவே இருக்கும். தலையைக் குனிந்து மேயும்போது அந்தக் கோடும் சேர்ந்து சாய வேண்டும் அல்லவா? சாயாது. கண் உருண்டை உள்ளே சுழன்று கோட்டைத் தரைக்கு இணையாகவே வைத்துக்கொள்ளும். இதை அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2015-இல் அளந்தே எழுதினார்கள்: ஐம்பது டிகிரிக்கு மேல் சுழல்கிறது. நாலு பக்கமும் பார்த்துக்கொண்டே மேய வேண்டிய பிராணி அது. ஒரு ராட்சசனுக்கு அந்தக் கண்ணை வைத்துப் பாருங்கள். அவன் முறைக்கவே வேண்டியதில்லை. அதோடு, அவன் வேட்டையாடுகிறவனா, எதற்கோ பயந்து ஒளிகிறவனா என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. கற்பனை விலங்கு நிஜம்போலத் தெரிய வேண்டுமானால் அதன் ஒவ்வொரு உறுப்பும் ஏதாவது ஒரு நிஜ விலங்கின் உறுப்பாக இருக்க வேண்டும் என்று லியொனார்டோ டாவின்சி தன் குறிப்பேட்டில் எழுதி, ஒரு டிராகனுக்குப் பட்டியலும் தருகிறார்: நாயின் தலை, பூனையின் கண், முள்ளம்பன்றியின் காது, வேட்டைநாயின் மூக்கு, சிங்கத்தின் புருவம், கிழட்டுச் சேவலின் கன்னப்பொறி, ஆமையின் கழுத்து. எல்லாம் கொல்லைப்புறத்துச் சரக்கு. சிங்கம்கூட அவருக்குத் தூரமில்லை, அவர் வாழ்ந்த ஃப்ளோரன்ஸ் நகராட்சி உயிருள்ள சிங்கங்களைக் கூண்டில் வளர்த்தது. எனக்கு அந்தக் கிழட்டுச் சேவல்தான் பிடித்திருக்கிறது. இளஞ்சேவல் கூடாதாம்!

மறுபக்கமும் உண்டு. 1515-இல் குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று கோவாவிலிருந்து கப்பலேறி லிஸ்பன் போய் இறங்கியது. ஜெர்மனியின் நியூரம்பெர்கில் இருந்த ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு கடிதமும் ஒரு கோட்டுச் சித்திரமும் கைக்கு வந்தன, அவ்வளவுதான். அதை வைத்து அவர் செதுக்கச் செய்த மரச்செதுக்குப் படத்தில் தோல் மடிப்புகள் ஆணி அடித்த இரும்புக் கவசம்போல இருக்கின்றன, காலில் செதில், பிடரியில் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு. ஐரோப்பா இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அதைத்தான் காண்டாமிருகம் என்று நம்பியது. ஏன் நம்பியது? கவசம் எங்கே மடங்கும், எந்தத் தகட்டின் மேல் எந்தத் தகடு ஏறும் என்பதை அவர் யோசித்து வரைந்திருக்கிறார். நியூரம்பெர்க் கவசத் தொழிலுக்குப் பேர்போன ஊர். பார்த்திராத விலங்குக்குப் பார்த்துப் பழகிய பொருளைப் போர்த்திவிட்டார். பனியன் கம்பெனியில் இருக்கும் உங்களுக்குத் துணி எங்கே இழுபடும், எங்கே சுருங்கும் என்று டியூரரைவிட நன்றாகத் தெரியும். உங்கள் பூதங்கள் எதற்கும் அப்படி ஒரு தோல் இல்லையே, ஏன்?

இரண்டாவது படம், டிராகன். நாலு கால், இரண்டு இறக்கை, ஆக ஆறு உறுப்பு. முதுகெலும்புள்ள பிராணிகளுக்கு நாலுதான். பறவைக்கும் வவ்வாலுக்கும் இறக்கை என்பது கைதான். ஆறு வைப்பது தப்பில்லை, ஐரோப்பிய மரபில் எத்தனையோ டிராகன்கள் அப்படித்தான். ஆனால் இறக்கையை அடிக்கிற சதை எங்கே போய் ஒட்டுகிறது? கோழி வாங்கும்போது நெஞ்சுக்கறி எவ்வளவு, நடுவில் அந்த எலும்பு எப்படித் துருத்தி நிற்கிறது என்று பாருங்கள். பறக்கிற பிராணிக்கு அது வேண்டும். உங்கள் டிராகனுக்கு நெஞ்சே இல்லை, ஒட்டிய வயிறோடு பட்டினி கிடக்கிறது.

அண்ணன் சொன்ன யாளி. தாராளமாக வரையுங்கள், 'நம்ம' என்பதற்காக வேண்டாம். சிங்க உடம்பு, சிலவற்றுக்குத் தும்பிக்கை, வாய்க்குள் உருளும் கல் உருண்டை என்று நாயக்கர் கால மண்டபத் தூண்களில் பார்க்கிறோமே, அது பின்னங்காலில் எழுந்து நிற்பதற்குத் தூண் ஒரு காரணம். நெட்டுக்குத்தான கல்லுக்குப் பொருந்த அப்படி நிமிர்ந்திருக்கிறது. பலர் அந்த நிலையை அப்படியே தாளில் நகலெடுத்துவிட்டு யாளி வரைந்ததாகச் சொல்கிறார்கள். அது சிற்பத்தின் படம். தூணிலிருந்து இறக்கிவிட்டால் அது எப்படி நடக்கும்? அந்தத் தும்பிக்கையை வைத்துக்கொண்டு எப்படிக் கடிக்கும்? படுக்கும்போது அதை எங்கே சுருட்டி வைக்கும்? இதற்குப் பதில் தேடி யாராவது இருபது ஸ்கெட்ச் போட்டால் முதல் ஆளாகப் பார்க்க வருவேன்.

ஏஐ பற்றித் தோழியிடம் சண்டை வேண்டாம். ஒரு நிமிஷத்தில் படம் வரும், உண்மைதான். இங்க்டோபரில் பரிசில்லை, பணமில்லை, உங்கள் கை தேறுவதற்காக நீங்களே வைத்துக்கொள்வது. அதை வேறு யாரையாவது செய்யச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மூன்றாவது படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சேற்றில் பாதி மூழ்கிய, தவளை வாய்க்காரன். வலது கையைக் கல்லில் ஊன்றியிருக்கிறான், விரல் நுனிகள் அகன்று நசுங்கியிருக்கின்றன, தோள் காதுவரை ஏறியிருக்கிறது. அவனுக்கு எடை இருக்கிறது. கொம்பு இல்லை, பல்லும் தெரியவில்லை, ஆனாலும் பக்கத்தில் போக எனக்குத் தைரியமில்லை. பதினோராம் நாள் என்று மூலையில் எழுதியிருக்கிறீர்கள். நல்ல படம் வந்த அன்றைக்கா நிறுத்தினீர்கள்!

எனவே இந்த முறை முப்பத்தொரு பூதம் வேண்டாம், இவன் ஒருவன் போதும். ஒவ்வொரு நாளும் வரைய ஒரு சொல் தரும் இங்க்டோபரின் 2019 பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள், தோதாக இருக்கிறது. மூன்றாம் நாள் 'தூண்டில் இரை': இவன் எதைத் தின்பான், எதைக் காட்டினால் வெளியே வருவான்? நாலாம் நாள் 'உறைதல்': குளம் உறைந்தால் எங்கே போவான்? பன்னிரண்டாம் நாள் 'டிராகன்' வருகிறது, இரண்டு பேரையும் சந்திக்க வையுங்கள், யார் ஒதுங்குகிறார்கள் என்று பார்ப்போம். இருபத்தைந்து 'ருசி', இருபத்தொன்பது 'காயம்பட்டவன்'. காயத்தில் எந்தக் காலை இழுத்து நடப்பான் என்று வரைய உட்கார்ந்தால் எலும்பு, மூட்டு எல்லாம் தெரிந்தாக வேண்டும். பல் வரைந்து தப்பிக்க முடியாது.

ஒவ்வொன்றுக்கும் முதலில் தீப்பெட்டி அளவில் நாலைந்து சின்ன ஸ்கெட்ச், உள்ளே விவரமே இல்லாமல் முழுக்கக் கறுப்பாக நிரப்பி. வெறும் கறுப்பு உருவமாகவே அவன் என்ன செய்கிறான் என்று தெரிய வேண்டும். தெரிகிற ஒன்றை மட்டும் பெரிதாக்குங்கள். அப்புறம், நீங்கள் பயன்படுத்தும் தாளில் மை ஊறிப் பரவுகிறது, தவளைக்காரனின் முதுகில் நன்றாகத் தெரிகிறது. கொஞ்சம் கனமான, வழவழப்பான தாளுக்கு மாறுங்கள். பிரஷ் பேனா அப்படியே இருக்கட்டும், அந்தத் தடிப்பும் மெலிவும் உங்கள் கைக்கு ஒத்துப்போகிறது.

அக்டோபர் வரை காத்திருக்கவும் வேண்டாம். பழைய பட்டியலுக்கு மாதம் கிடையாது. இன்று ராத்திரியே தூண்டிலில் ஆரம்பிக்கலாம்.

அன்புடன்.